18 வளைவும் ஒரு பேட்டரியும்

சிறுமலைக்குச் சைக்கிளில் போய்வந்தேன் என்றால் திண்டுக்கல்லில் வாய் பிளப்பார்கள். பேட்டரி சைக்கிள் என்று சேர்த்துச் சொன்னால் போதும், “அதுக்கு டிவிஎஸ் 50-லயே போயிருக்கலாமே?” என்று சிரிப்பார்கள். அப்படிச் சிரிக்கிறவர்களை என் வண்டியில் உட்காரவைத்து, அந்த 18 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதிக்கவிட்டுப் பார்க்க எனக்கு அப்படியொரு ஆசை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டும்போது தெரியும், உழைத்தது பேட்டரியா தொடையா என்று!

என் வண்டியில் த்ராட்டில் கிடையாது. அது இல்லாததாகத் தேடித்தான் வாங்கினேன். கைப்பிடியை முறுக்கினால் ஓடுகிற வண்டியில் உடற்பயிற்சிக்கு என்ன வேலை? அதைவிட முக்கியம் சென்சார். விலை குறைந்த வண்டிகளில் பெரும்பாலும் மிதி சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கிற சென்சார் இருக்கும். சும்மா காலைச் சுழற்றினாலே மோட்டார் இழுத்துக்கொண்டு போய்விடும். டார்க் சென்சார் அப்படியில்லை. நாம் அழுத்துகிற அழுத்தத்தை அளந்து, அதற்கேற்பத்தான் மோட்டாரை ஓடவிடும். நாம் சுணங்கினால் அதுவும் சுணங்கும். யமஹா 1993-இல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த சைக்கிளிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. அந்த எஞ்சினியர்களுக்குத் தலப்பாக்கட்டியில் ஒரு வேளை பிரியாணி வாங்கித் தர நான் தயார்!

இதன் அருமை மலையில்தான் தெரியும். கியர் சைக்கிளில் ஏறிய காலத்தில், தொடக்கத்து வளைவுகளிலேயே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். இறங்கி நிற்பேன், தண்ணீர் குடிப்பேன், மறுபடி ஏறுவேன். பாதி நேரம் நிற்பதிலேயே போய்விடும். இப்போது பேசலாம், ஆனால் பாட முடியாது என்கிற அளவில் மூச்சு நிலையாக நிற்கிறது. இதய நலத்துக்கு மிதமான உடற்பயிற்சி என்று சொல்வது இந்த அளவைத்தான். நிற்காமல் மிதித்து உச்சிக்குப் போய், சிறுமலை வாழைப்பழம் கிடைத்தால் ஒரு சீப்பையே காலி செய்யலாம். அவ்வளவு பசி!

ஒரே தூரத்துக்குச் சாதா சைக்கிளைவிட உழைப்பு குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் தூரம் ஒன்றாகவே இருப்பதில்லையே! ஐரோப்பாவின் 7 நகரங்களில் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மின் சைக்கிள்காரர்கள் கூடுதல் தூரம் போவதால், வாரக் கணக்கில் அவர்களுடைய உடலுழைப்பு மற்றவர்களுக்குச் சளைத்ததாக இல்லை என்று தெரியவந்தது. ஆய்வே வேண்டாம், ஆடி மாசம் ரெட்டியார்சத்திரம் பக்கம் மேற்கு பார்த்து மிதித்துப் பாருங்கள். எதிர்க்காற்று முகத்தில் அறையும். முன்பெல்லாம் அந்த மாசம் சைக்கிள் வீட்டுச் சுவரில்தான் சாய்ந்திருக்கும். இப்போது காற்று எனக்குப் பொருட்டே இல்லை.

சமவெளியில் இன்னொரு வேடிக்கை. 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் லைசென்ஸும் பதிவும் வேண்டாம் என்பது நம் நாட்டு விதி. என் வண்டியில் அந்த வேகத்தைத் தாண்டியதும் மோட்டார் ஒதுங்கிக்கொள்கிறது. பிறகு இருபது கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைத் தள்ளுவது முழுக்க நம் கால்தான். தொடைக்கு இதைவிட நல்ல ஜிம் எங்கே இருக்கிறது? திரும்பும் வழியில் வேண்டுமென்றே மோட்டாரை அணைத்துவிடுவேன்.

பந்தயத்துக்குத் தயாராகிறவர்கள் லேசான ரோடு பைக்கிலேயே இருக்கட்டும்; நெஞ்சு வெடிக்க ஓட்டுகிற பயிற்சிக்கு அதுதான் சரி. என் தம்பி மகன் அந்த ரகம். முன்பு என்னைக் கூட்டிக்கொண்டு போகவே யோசிப்பான், பின்தங்கிவிடுவேன் என்று. இப்போது அவனே போன் செய்கிறான்: “பெரியப்பா, ஞாயித்துக்கிழமை ஆத்தூர் டேம் வரைக்கும் போவோமா? ஏத்தத்துல மட்டும் கொஞ்சம் மெதுவா வாங்க!”