மறுமொழி பெறாச் சொல்: 1979ஆம் ஆண்டின் இரு திரைப்படங்களில் சிறார் தனிமை

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லைச் சிற்றூர்களில் தமிழ்க் குடும்பத்துக் குழந்தை வீட்டில் ஒரு மொழியும் வெளியில் வேறொரு மொழியும் வழங்கக் காண்கிறது. 1956இல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழ்ப்பரப்போடு இணைய, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. தான் பேசுவதற்கு மறுமொழி கிடைக்குமா என்னும் ஐயம் அங்கு வளரும் குழந்தைக்குப் புதிதன்று. இருமொழிப் படங்களையும் மொழிபெயர்ப்பின்றிக் காணவல்ல அவ்வெல்லைப் பார்வையாளர் நிலையில் நின்று நோக்கின், 1979இல் வெளிவந்த பாலுமகேந்திராவின் 'அழியாத கோலங்கள்', அரவிந்தனின் 'கும்மாட்டி' ஆகிய இரண்டும் ஒன்றையொன்று விளக்குவதைக் காணலாம்.

முன்னது சிறுவர் படம் அன்று. சிறுவரைப் பற்றிய படம். ஊருக்கு வரும் ஆசிரியை இந்துமதியின்பால் பதின்பருவத் தோழர் மூவர் கொள்ளும் ஈர்ப்பே அதன் பொருள். தொல்காப்பியர் அகத்திணையியலில், காமம் அறியாத இளையவளிடம் தலைவன் மறுமொழி பெறாமலே சொல்லி இன்புறுதலைக் கைக்கிளையாகக் கூறுவர். இப்படத்தில் அவ்விலக்கணம் தலைகீழாகிறது. இளமை விரும்புவோரிடத்தும் முதிர்ச்சி விரும்பப்படுவாளிடத்தும் அமைகின்றன. எனவே சொல்லும் இன்பமும் சிறுவர்க்கு இல்லை. அவளிடம் சொல்ல இயலாததைத் தமக்குள்ளேயே பேசிக்கொள்கின்றனர்; தோழமையே அவர்தம் மறுமொழி. மூவருள் ஒருவன் நீரில் மூழ்கி இறக்கும்போது உடைவது அந்த மறுமொழியே. படத்தின் உண்மையான தனிமை அங்குதான் தொடங்குகிறது, காதலில் அன்று. ஒளிப்பதிவைப் புகழ்வதோடு அமைந்துவிடும் நம் திறனாய்வு இதனைப் போதிய அளவு கவனிக்கவில்லை.

குறையும் உண்டு. ஆசிரியையின் இறப்புச் செய்தி கேட்டு வளர்ந்த கௌரிசங்கர் நினைவுகூர்வதாகக் கதை அமைகிறது. அந்நினைவு, பட்ட துயரின்மீது இனிமையைப் பூசிவிடுகிறது. ஷோபா எத்துணை அடக்கமாக நடித்திருப்பினும், இந்துமதி காணப்படுபவளாகவே நிற்கிறாள். புதிய ஊரில் அவளுக்கும் தனிமை இருந்திருக்கக் கூடும் என்பதைப் படம் எண்ணிப் பார்ப்பதில்லை.

'கும்மாட்டி'யில் இத்தகைய முதிர்ந்த நினைவின் இடையீடு இல்லை. ஊர்க் குழந்தைகளை விளையாட்டாக விலங்குகளாக்கும் கும்மாட்டி, மற்றவரை மீட்டுச் செல்ல, நாயாக மாறிய சிந்தன் மட்டும் விடுபட்டுப் போகிறான். அவனிடம் அன்பும் அச்சமும் உள்ளன, சொல் இல்லை. வீடு திரும்பும் அவனைத் தாய் அறிந்துகொள்கிறாள். ஆயினும் அவ்வறிதல் அவனுக்குச் சொல்லை மீட்டுத்தரப் போதவில்லை. கும்மாட்டி மீண்டும் வரும்வரை ஓராண்டு காத்திருக்க வேண்டியுள்ளது. காதலே பேசாத இப்படம் கைக்கிளையின் உள்ளீடான மறுமொழியின்மையை முன்னதினும் ஆழமாகத் தொட்டுள்ளது எனலாம். மனித உருவை மீண்டும் பெற்ற சிந்தன், யாரிடமும் எதுவும் விளக்காமல், வீட்டுக் கிளியின் கூண்டைத் திறந்துவிடுகிறான்.