மெய்நிகர் உலகில் படைப்பும் சமூகமும்: திணைக் கோட்பாட்டு நோக்கில் ஒரு திருமண வரவேற்பு

ஆய்வுச் சுருக்கம்

மெய்நிகர் உலகில் கூடுவோர் எந்நிலையில் சமூகமாகின்றனர் என்னும் வினாவை, 2022இல் தமிழ்நாட்டில் நடைபெற்ற மெட்டாவெர்ஸ் திருமண வரவேற்பை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்னும் பாகுபாடு ஆய்வுக் கருவியாகக் கொள்ளப்படுகிறது. காட்சியின் புதுமையைவிட, ஆக்கத்திலும் பேணலிலும் மக்கள் பெறும் பங்கே சமூகத்தைத் தீர்மானிக்கிறது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் உலகம், அவதாரம், கருப்பொருள், திணைமயக்கம், நடுகல்

முன்னுரை

2022 பிப்ரவரி 6 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் ஒரு திருமணம் நடைபெற்றது. அதன் வரவேற்பு அன்று மாலை மெட்டாவெர்ஸ் எனப்படும் முப்பரிமாண மெய்நிகர் உலகில் நிகழ்ந்தது. கொரோனாப் பெருந்தொற்றை ஒட்டித் திருமணக் கூட்டங்களுக்குக் கட்டுப்பாடு நிலவிய காலம் அது. விருந்தினர் கைபேசி, கணினி ஆகியவற்றின் வழியே அவதாரங்களாக நுழைந்தனர். ஹாரி பாட்டர் கதைகளில் வரும் ஹாக்வார்ட்ஸ் கோட்டையின் சாயலில் அரங்கு அமைக்கப்பட்டிருந்தது. முந்தைய ஆண்டு மறைந்த மணமகளின் தந்தையும் அவதார வடிவில் தோன்றி வந்தோரை வாழ்த்தினார்.

இந்தியாவின் முதல் மெட்டாவெர்ஸ் திருமண வரவேற்பு என்னும் அளவிலேயே ஊடகங்கள் இந்நிகழ்வைப் பேசின. புதுமை என்னும் அடைமொழி ஒரு நிகழ்வை அறிமுகப்படுத்தும், மதிப்பிட உதவாது. மதிப்பீட்டுக்குத் திணைக் கோட்பாடு இங்குப் பயன்கொள்ளப்படுகிறது. தொல்காப்பியர் மெய்நிகர் உலகை முன்னறிந்தார் என நிறுவுவது நோக்கமன்று. ஓர் உலகம் எவற்றால் ஆகிறது என்பதைப் பகுத்துக் காண அவர் வகுத்த முறை இன்றும் கருவியாகுமா எனச் சோதிப்பதே நோக்கம்.

கருப்பொருளும் மயக்கமும்

தமிழ்த் திருமணத்திற்கு ஆங்கிலக் கதையின் கோட்டை எதற்கு என்பது எளிதில் எழும் மறுப்பு. திணைக் கோட்பாடு இம்மறுப்பை ஏற்பதில்லை. உரிப்பொருள் அல்லாதன மயங்கவும் பெறும் என்பது அகத்திணையியல் தரும் விதி. ஒரு நிலத்தின் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் வருவதை உரையாசிரியர்கள் குறையாகக் கொள்ளவில்லை. ஆகவே கோட்டை அயல்நாட்டினது என்பது குற்றமாகாது.

கேட்க வேண்டிய வினா வேறு: அக்கோட்டையை ஆக்கியவர் யார்? சிற்றூர்த் திருமணத்தில் பந்தற்கால் நடுதல், வாழைமரம் கட்டுதல், பந்தி பரிமாறுதல், மொய் எழுதுதல் ஆகிய ஒவ்வொரு பணிக்கும் உரிய உறவினர் உண்டு. அப்பணியைச் செய்வதே அவருடைய உறவை நிறுவுகிறது; பணி மறுக்கப்படின் மனத்தாங்கல் எழுகிறது. மெய்நிகர் வரவேற்பில் அரங்கைத் தொழில்நுட்பக் குழுவினர் ஆயத்தம் செய்தனர். விருந்தினர் அதனுள் வந்து கண்டு சென்றனர். கருப்பொருள் செறிந்திருந்தும் அதன் ஆக்கத்தில் சுற்றத்திற்குப் பங்கில்லை.

இந்நிலை மெய்நிகர் உலகின் இயல்பு எனக் கருதிவிடலாகாது. லிண்டன் லேப் நிறுவனம் 2003இல் தொடங்கிய ‘செகண்ட் லைஃப்’ உலகில் வீடு, உடை, தோட்டம் முதலியவற்றுள் பெரும்பாலானவற்றைப் பயனர்களே அங்குள்ள கருவிகளால் உருவாக்கினர். அவ்வாக்கங்களின் அறிவுசார் உரிமையும் அவர்களுக்கே என அந்நிறுவனம் அவ்வாண்டே ஏற்றது. மானிடவியலாளர் டாம் போல்ஸ்டார்ஃப் அவ்வுலகினுள்ளேயே களப்பணி செய்து 2008இல் வெளியிட்ட நூலில், மெய்நிகர்ப் பண்பாட்டை அதன் எல்லைக்குள் வைத்தே ஆராய இயலும் என வாதிட்டார். பயனர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, ஆக்கி, அண்டை அயலாரான உலகிற்கு அவ்வாதம் பொருந்தும். சிவலிங்கபுரம் வரவேற்பிற்கு அது பொருந்தாது. அங்குக் கூடிய சமூகம் அவ்வுலகில் பிறந்ததன்று. ஊரிலும் உறவிலும் முன்பே உருவாகி அங்கு வந்து சேர்ந்தது.

உரிப்பொருள்: தந்தையின் அவதாரம்

மேற்கண்ட மதிப்பீட்டிற்கு ஒரு விலக்கு உண்டு. கோட்டையை ஹாரி பாட்டர் வாசகர் எவரும் கோரியிருக்கலாம். தந்தையின் உருவை அக்குடும்பம் மட்டுமே கோர இயலும். அதன் ஒப்புமையை உறுதிசெய்யவல்லது குடும்பத்தின் நினைவே. பிரிவும் இரங்கலும் அங்கு அக எல்லையைக் கடந்து, மகள் தந்தையை இழந்த துயராக விரிகின்றன. அவ்வரங்கில் படைப்பாற்றல் என்னும் சொல்லுக்கு முழுத் தகுதியுடைய ஆக்கம் இதுவே.

கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்கள் மிகுந்த நிலம் என்பது இங்கு நினையத்தக்கது. நடுகல் வீரனுக்கு உரியது. தந்தையின் அவதாரம் குடும்பத்திற்கு உரியது. எனினும் மறைந்தவரை உருவாக்கிச் சுற்றத்தின்முன் நிறுத்துதல் இரண்டிற்கும் பொது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனப் புறத்திணையியல் கூறும் ஆறு நிலைகளுள் உரு நிறுத்தப்படுவது நான்காவது. எஞ்சிய இரண்டும் கூடியோர் செய்வன. நடுகல்லில் மக்கள் இறந்தவரை வாழ்த்துகின்றனர்; வரவேற்பிலோ இறந்தவர் மக்களை வாழ்த்தினார். வாழ்த்தும் பணியும் நிரலுக்குக் கைமாறியதால் சுற்றத்தார் மீண்டும் பார்வையாளர் ஆயினர்.

முதற்பொருள்: நிலம் யாருடையது?

நிலமும் பொழுதும் முதற்பொருள். மெய்நிகர் உலகில் நிலம் என்பது ஒரு நிறுவனத்தின் கணினி வழங்கியில் உள்ள தரவு. பொழுது என்பது அந்நிறுவனம் அதனை இயக்கும் காலம். மைக்ரோசாஃப்ட் 2017இல் வாங்கிய ‘ஆல்ட்ஸ்பேஸ்விஆர்’ என்னும் மெய்நிகர் கூடுகளம் 2023 மார்ச் 10 அன்று மூடப்பட்டது. அங்குக் கூடிப் பழகியோர்க்குத் திரும்பிச் செல்ல இடமில்லை. ஊர் கைவிட்ட நடுகல்லும் புதரிடையே கிடந்து, நூற்றாண்டுகள் கழித்தும் ஆய்வாளரால் படியெடுக்கப்படுகிறது. கைவிடப்பட்ட வழங்கிக்கு அவ்வாய்ப்பு அரிது. ஆகவே நினைவுச் சின்னங்களை மெய்நிகர் உலகில் அமைப்போர்க்கு நில உரிமை என்னும் வினா முதன்மையானது.

முடிவுரை

இவ்வாய்வால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. ஒன்று, மெய்நிகர் நிகழ்வுகளில் அயல் அடையாளங்களின் கலப்பைக் குறையெனக் கொள்ளும் திறனாய்வு, திணைமயக்கத்தை ஏற்ற மரபிற்கே மாறானது. இரண்டு, கருப்பொருளை ஆக்குவதில் பங்கேற்போர்க்கு இடமில்லாத மெய்நிகர் வெளி அரங்காகலாம், உலகாகாது. மூன்று, உரிப்பொருள் அங்கும் நிகழக்கூடும். ஆயின் அது நிலைபெற, நிலம் பேணுவோர் கையில் இருத்தல் வேண்டும்.

மெய்நிகர் உலகு குறித்த தமிழாய்வுகள் தொழில்நுட்ப அறிமுகத்தோடு அமையாமல், ஆக்கியவர் யார், பேணுவோர் யார், மூடும் உரிமை யாருடையது என்னும் வினாக்களை எழுப்புதல் வேண்டும். அடுத்து ஒரு மகள் தன் தந்தையை அவ்வாறு அழைக்க விரும்புங்கால், அவ்வுரு ஒரு மாலைக்கு மட்டும் உரியதா என்பதை அவ்வினாக்களே தீர்மானிக்கும்.