கேட்கத் தெரிந்த நடிகர்கள்

மூலக்குளத்தில் ஒரு நண்பர் வீட்டில் சென்ற மாதம் ஒரு வழக்கு நடந்தது. "சிவாஜிக்குப் பிறகு நடிகன் ஏது?" என்றார் நண்பர். "அது நடிப்பா தாத்தா? கத்தல்!" என்றாள் பேத்தி. தீர்ப்புச் சொல்ல என்னை அழைத்தார்கள். காப்பியைக் குடித்துவிட்டு நழுவிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

அந்தக் 'கத்த'லுக்குக் காரணம் உண்டு. 1922-ல் புதுச்சேரியில் காலமான சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி பக்கத்திலேயே கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. அவர் வளர்த்த பாய்ஸ் கம்பெனி மரபில் வந்தவர்கள்தாம் எம். ஆர். ராதாவும் சிவாஜி கணேசனும். ஒலிபெருக்கி இல்லாத நாளில் உருவான மரபு அது. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். 1952-ல் 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சியில் சிவாஜி அந்தக் கடைசி வரிசைக்காரனிடம்தான் பேசினார். அதே சிவாஜி 1985-ல் 'முதல் மரியாதை'யில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பாரதிராஜா கேட்டார், அவர் கொடுத்தார். ஆகவே குரலின் அளவை வைத்து நடிகனை எடைபோடுவது நியாயமில்லை.

என் அளவுகோல் வேறு. எதிராளி பேசும்போது நடிகன் என்ன செய்கிறான்? 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பேய்க் கதை சொல்கிறார். பேசுகிறவர் அவர், ஆனால் நம் கண் பாலையாவின் முகத்தை விட்டு நகர்வதில்லை. அந்த முகத்தில் பயம் படிப்படியாக ஏறுகிறது. 2023-ல் 'மாமன்னன்' படத்தில் வடிவேலுவைப் பாருங்கள். எம்.எல்.ஏ. ஆன பிறகும் மேல்சாதித் தலைவர் வீட்டில் உட்காரக் கூசி நிற்கிற மனிதர். பல்லாண்டு அவமானத்தை அவர் வசனமாகச் சொல்வதில்லை. நிற்கிற நிலையே சொல்லிவிடுகிறது. பாலையாவுக்குப் பக்கத்தில் இவரை உட்கார வைக்க எனக்குத் தயக்கமில்லை.

அப்படியானால் நண்பர் கட்சி தோற்றதா? முழுவதும் இல்லை. பாய்ஸ் கம்பெனியில் பையன் பல வேஷம் கட்டினான். பேச்சில்லாமல் மேடையில் நிற்கவும் பழகினான். அந்தப் பள்ளிக்கூடம் இன்று இல்லை. பாலையாவுக்குப் பயப்பட அவகாசம் கொடுத்தார் ஸ்ரீதர். இன்றைய பல படங்களில் முகத்தில் உணர்ச்சி முளைக்குமுன் காட்சி மாறிவிடுகிறது. நாயகன் நடந்து வருவதற்குத்தான் அவகாசம் தருகிறார்கள். குறை அங்கே இருக்கிறது. அதை நடிகன் தலையில் கட்டிவிட்டு, நாம் நம் இளமைக் காலத்துக்கு மாலை போட்டுக்கொள்கிறோம். நானும் அதைச் செய்திருக்கிறேன்.

தாத்தாவும் பேத்தியும் ஒரே மாலையில் இரண்டு படங்களையும் சேர்ந்து பார்க்கட்டும். காப்பிக்கு நான் வருகிறேன். இந்த முறை நழுவமாட்டேன்.