கேளாத மறுமுனை

2015 அக்டோபர் 1ஆம் நாள் 'வாக்கீன்' சூறாவளியில் சிக்கி, பகாமாஸ் தீவுகளருகே மூழ்கியது 'எல் ஃபாரோ' என்னும் அமெரிக்கச் சரக்குக் கப்பல். 33 பேரும் மாண்டனர். ஏறத்தாழ 4,600 மீட்டர் ஆழத்திலிருந்து 2016இல் மீட்கப்பட்ட பதிவுக் கருவியின் 26 மணி நேர ஒலி, எழுத்தாக்கப்பட்டு ஏறத்தாழ 500 பக்கங்களாக விரிந்துள்ளது. ஆசிரியரில்லா இந்நூலை நாம் ஓர் அவல நாடகமாகவே வாசிக்கிறோம்.

இதன் ஆற்றல் இதன் குறையிலேயே உள்ளது. நள்ளிரவுக்கு முன் ஒருவரும் பின் ஒருவருமாக இரு துணை அதிகாரிகள், பாதையை மாற்றலாமெனத் தம் அறையிலிருந்த கப்பல் தலைவருக்குத் தொலைபேசியில் தெரிவிக்கின்றனர். கருவி பதிந்ததோ செலுத்து மேடையின் குரல்களை மட்டுமே; தலைவரின் மறுமொழி நமக்குக் கேட்பதில்லை. அவர் புதிய வானிலைத் தகவலைப் பயன்படுத்தத் தவறினார் என்றது 2017ஆம் ஆண்டு விசாரணை. அது சரியே. ஆயினும், மேலதிகாரியிடம் அஞ்சி அடங்கிய சொல்லும் இப்பக்கங்களில் புலப்படுகிறது.

விடியலில், தளர்ந்துபோன சுக்கானியை விட்டகலாது தேற்றுகிறார் அதே தலைவர். பிழைத்த முடிவும் பிரியாத அன்பும் ஒருவரிடமே உறைந்தன என ஏற்பதே, இந்நூல் நம்மிடம் கேட்கும் கடினமான வாசிப்பு.