வாலை எவ்வளவு வெட்டலாம்?

களத்தில் சண்டையிடுபவரைப் பல் என்றும், அவருக்குச் சோறும் தோட்டாவும் கொண்டுபோய்ச் சேர்ப்பவரை வால் என்றும் ராணுவத்தில் பிரித்துப் பேசுவார்கள். வால் நீண்டுவிட்டது, குறைக்க வேண்டும் என்ற குரல் எல்லா நாட்டுப் படைகளிலும் உண்டு. இந்தியாவில் அது 2017 ஆகஸ்டில் அரசின் முடிவாகவே வந்தது. ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் ஷெகட்கர் தலைமையிலான குழு சொன்னவற்றில் தரைப்படை தொடர்பான 65 பரிந்துரைகளை ஏற்று, சுமார் 57,000 பணியிடங்களைச் சண்டைத் திறன் கூடும் வகையில் மாற்றியமைக்கப் பாதுகாப்பு அமைச்சகம் முடிவெடுத்தது.

இதில் ஒரு பகுதி எப்போதோ நடந்திருக்க வேண்டியது. வெள்ளைக்காரத் துருப்புகளுக்குப் பால் கொடுக்க 1889இல் அலகாபாத்தில் தொடங்கிய ராணுவப் பண்ணைகள் 2021 வரை நடந்தன. ஊரெங்கும் பாக்கெட் பால் கிடைக்கும் காலத்தில் சீருடைக்காரர் மாடு மேய்ப்பதில் பொருள் இல்லை. 39 பண்ணைகளையும் மூடியது சரி.

ஆனால் அதே பட்டியலில் பழுதுபார்க்கும் பணிமனைகள், தளவாடக் கிடங்குகள், போக்குவரத்துப் பிரிவுகள், கோவேறு கழுதைப் படைகள் ஆகியவையும் இருந்தன. பாலைக் கடையில் வாங்கலாம். மலை உச்சியில் மக்கர் செய்யும் பீரங்கியைச் சரிசெய்ய வெளியாளைத் தேட முடியாது.

2020இல் லடாக் எல்லைக்குப் பல்லாயிரம் வீரர்கள் கூடுதலாகப் போனார்கள். பனி விழுந்து ஜோஜி லா கணவாய் அடைபடுவதற்குள் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், வெடிமருந்து, குளிர் தாங்கும் குடில்கள் என்று குளிர்காலம் முழுமைக்குமான அத்தனையும் மேலே ஏறியாக வேண்டும். சியாச்சினில் நிலைமை இன்னும் கடுமை. காற்று மெலிந்த அந்த உயரத்தில் சீட்டா ஹெலிகாப்டர் ஒரு நடைக்குச் சில பத்து கிலோவைத்தான் தூக்கும். அங்கே துப்பாக்கியோடு நிற்கும் ஒருவருக்குப் பின்னால் விமானி, எஞ்சினைப் பார்க்கும் மெக்கானிக், சுமை தூக்குவோர், மருத்துவர் என்று ஒரு கூட்டமே உழைக்கிறது. அவர்களைக் குறைத்தால் மேலே நிற்பவரின் எண்ணிக்கை கூடாது. அவரால் அங்கே நிற்கவே முடியாது.

பல்லை மட்டும் நம்பியவர்களின் கதி நம் மண்ணிலேயே தெரிந்தது. 1944இல் ஜப்பானியத் தளபதி முடாகுச்சி மூன்று டிவிஷன்களை ஏறக்குறைய மூன்று வாரச் சாப்பாட்டோடு இம்பால், கொஹிமா நோக்கி அனுப்பினார். மீதியை ஆங்கிலேயரின் கிடங்குகளில் பிடித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. சுமைக்கும் உணவுக்குமாக ஓட்டி வந்த மாடுகளில் பல சிந்த்வின் ஆற்றோடு போயின. கிடங்குகள் கைக்கு வரவில்லை. பட்டினி தாங்காமல் தளபதி சாட்டோ, மேலிடத்து ஆணையை மீறிக் கொஹிமாவிலிருந்து தன் டிவிஷனைப் பின்வாங்கச் செய்தார். அந்தப் பசி ஜப்பானியரோடு சேர்ந்து வந்த இந்திய தேசிய ராணுவத்தாரையும் வாட்டியது. முற்றுகைக்குள் இருந்த இம்பாலுக்கோ விமானத்தில் உணவு வந்துகொண்டிருந்தது.

அதற்காக நீண்ட வாலே நல்லது என்று சொல்ல மாட்டேன். 1969இல் வியட்நாமில் அமெரிக்கர் ஐந்து லட்சத்துக்கு மேல் இருந்தும் காட்டுக்குள் இறங்கிச் சண்டையிட்டவர்கள் சிறுபான்மைதான். வசதிகள் பெருகப் பெருக முகாம்களைக் காக்கவே ஆள் தேவைப்பட்டது.

பல்லுக்கு எத்தனை வால் என்ற விகிதம் இதையெல்லாம் காட்டாது. ஒரு பிரிகேட், சாலை அடைபட்ட ஜனவரியில், கையிருப்பை வைத்து எத்தனை நாள் போரிடும்? பழுதான வண்டி எத்தனை நாளில் திரும்பி வரும்? ஒரு பணியிடத்தை எடுக்கும் முன் கேட்க வேண்டியவை இவை. கோவேறு கழுதைகளின் இடத்துக்கு இப்போது ட்ரோன்கள் வருகின்றன. அவற்றுக்கும் குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும் பேட்டரி, அதை ஏற்ற ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல், உடைந்ததைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் எல்லாம் வேண்டும். அந்த ஆளையும் வால் கணக்கில்தான் எழுதுவார்கள்.