டிராயரில் கிடந்த இரண்டு போன்கள்

டிராயரில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு போன்களை எடுத்துச் சார்ஜ் போட்டேன். ஒன்று, 2013-இல் வந்த நெக்சஸ் 5; ஆண்ட்ராய்டு 6.0.1-க்கு மேல் ஏறாது. மற்றது 2014-இன் ஐபோன் 6. ஐஓஎஸ் 12-இல் நின்றது. அந்த ஐஓஎஸ் 12-க்கு 2023 ஜனவரியில்கூடப் பாதுகாப்புத் திருத்தம் வந்தது. நெக்சஸுக்கோ 2016 அக்டோபரோடு சரி. ஐபோன்தான் ஜெயிக்கும் என்று நினைத்தேன்.

முதல் ஆப்பிலேயே கணக்கு தப்பியது. வாட்ஸ்அப் நெக்சஸில் சத்தமில்லாமல் இறங்கி ஓடியது. ஐபோன் 6-இல் வழியே இல்லை. 2025 மே முதல் வாட்ஸ்அப்புக்கு ஐஓஎஸ் 15.1 வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஆண்ட்ராய்டின் கெட்ட பெயரே இங்கே கைகொடுக்கிறது. ஐபோன்காரர்கள் சட்டென்று புது ஐஓஎஸுக்கு மாறிவிடுவார்கள். பழசைக் கைவிட்டாலும் ஆப் எழுதுபவருக்குப் பெரிய நஷ்டமில்லை. ஆண்ட்ராய்டில் அப்டேட் கிடைக்காத போன்கள் ஏராளம். அவற்றை விட்டால் கூட்டமே போய்விடும். அதனால்தான் கூகுள், புது வசதிகள் பலவற்றை, பழைய ஆண்ட்ராய்டிலும் ஓடும்படி, ஆப்புக்குள்ளேயே வைத்துக் கட்டும் லைப்ரரிகளாகத் தருகிறது.

ஐபோனில் ஒரு குறுக்குவழி உண்டு. அதே ஆப்பிள் ஐடியில், புது போனில் ஆப்பை ஒருமுறை இறக்கிவிட வேண்டும். பிறகு பழைய போனில், ஏற்கெனவே வாங்கிய ஆப்களின் பட்டியலில் மேகக் குறியைத் தொட்டால், இந்தப் போனுக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பு இருந்தால் அதைத் தரட்டுமா என்று கேட்கும். குறிப்பெழுதும் ஆப் ஒன்று ஜம்மென்று ஓடியது. என் வங்கி ஆப்பும் இறங்கியது, திறந்தது, 'அப்டேட் செய்யவும்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டது. சர்வர் கதவைச் சாத்திவிட்டால் பழைய பதிப்பு கையிலிருந்து என்ன பயன்?

பிரவுசரில் நிலைமை தலைகீழ். பல சிறு தளங்கள் நம்பியிருக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற சான்றிதழ் வழங்கும் அமைப்பின் மூலச் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களில் கிடையாது. ஐஓஎஸ் 10-இலிருந்தே ஐபோனில் உண்டு. நெக்சஸின் க்ரோமில் அந்தத் தளங்களைத் திறந்தால் எச்சரிக்கைத் திரைதான். சான்றிதழை இறக்கி நானே நிறுவினேன். முதலில் ஸ்கிரீன் லாக் வை என்று அடம்பிடித்தது; வைத்த பிறகு, 'உங்கள் நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம்' என்று ஓர் அறிவிப்பு மேலே வந்து குந்திக்கொண்டது. தளங்கள் திறந்தன.

நெக்சஸ் இப்போது வீட்டில் வாட்ஸ்அப்புக்கு மட்டும்; யூபிஐ அதில் ஏற்றமாட்டேன். ஐபோன் 6-இல் ஹெட்போன் துளை இருக்கிறது. ராத்திரிப் பாட்டுக்கு அது தலைமாட்டில்.