சும்மா பின்னுகிறவர்கள்

போன தை மாதம் அம்மா பின்னிய ஒரு வயர் கூடையைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். பச்சையும் மஞ்சளும் கலந்த சிவன் கண் கூடை. பின்னால் எங்கள் வீட்டுத் திண்ணை. ஓரத்தில் அம்மாவின் கால் பெருவிரல், அதில் சுற்றி இழுத்துப் பிடித்த வயர் நுனி. கீழே ஒன்பது வரி எழுதினேன். அனுப்பம்பட்டு என்கிற சின்ன ஊர், மத்தியான வெயில், தூரத்தில் கும்மிடிப்பூண்டி ரயிலின் சத்தம், யாருக்காகவும் இல்லாமல் தனக்காக மட்டுமே பின்னிக்கொண்டிருக்கும் ஒரு பெண். கடைசி வரியை எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. நானூறு லைக் தாண்டியது. ‘அழகு’, ‘மனசு நெறஞ்சிடுச்சு’, ‘அம்மாக்கள் எல்லாருமே கலைஞர்கள்தான்’ என்று வரிசையாகக் கமெண்ட்.

ராத்திரி அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்பது வரியையும் நிதானமாகப் படித்தாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்க. இதுல எத்தினி பேரு கூடை கேட்டாங்க?”

“யாரும் கேக்கலமா.”

“அப்ப இன்னாத்துக்கு நானூறு பேரு பார்த்தாங்க?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அந்த வாரம் மின்சார ரயிலில் வேலைக்குப் போகும்போது அசோகமித்திரனின் ‘புலிக் கலைஞன்’ கதையை மறுபடி படித்தேன். கல்லூரியில் ஒரு தடவை படித்து, ‘பாவம், கலைஞர்களின் வறுமை’ என்று முடித்துவிட்ட கதைதான். இந்தத் தடவை மீஞ்சூர் தாண்டி அத்திப்பட்டு வருவதற்குள் என் ஒன்பது வரி எனக்கே அருவருப்பாகிவிட்டது. ஏன் என்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

*

சின்ன மனிதர்கள், சின்னச் சந்திப்புகள், சின்னச் சந்தோஷங்கள். இன்றைக்கு இணையத்தில் நாம் அதிகம் எழுதுவதும் வாசிப்பதும் இவற்றைத்தான். டீக்கடையில் ஓவியம் வரைகிற மாஸ்டர், பஸ்ஸில் புல்லாங்குழல் வாசித்த தாத்தா, மொட்டை மாடியில் ரோஜா வளர்க்கிற வாட்ச்மேன். இந்தக் குறிப்புகளுக்கு ஒரு அச்சு இருக்கிறது. எழுதுகிறவர் எங்கேயோ போய்க்கொண்டிருப்பார், எதிர்பாராமல் ஒருவரைப் பார்ப்பார், நெகிழ்வார், பிறகு தன் வழியே போய்விடுவார். நெகிழ்ந்ததோடு கணக்கு தீர்ந்தது. அந்த டீ மாஸ்டர் மறுநாள் என்ன ஆனார் என்று யாரும் கேட்பதில்லை. நானும் எழுதியிருக்கிறேன், ஒன்றல்ல, இருபது இருக்கும்.

இதற்கெல்லாம் வண்ணதாசனைக் காரணம் காட்டுகிறவர்கள் உண்டு. அது நியாயம் இல்லை. 2016இல் ‘ஒரு சிறு இசை’ தொகுப்புக்காக சாகித்ய அகாதெமி விருது பெற்றவர், வாழ்நாளெல்லாம் சிறு விஷயங்களைத்தான் எழுதினார். ஆனால் அவர் கதைகளில் பார்க்கிறவரும் பார்க்கப்படுகிறவரும் பெரும்பாலும் ஒரே தெருக்காரர்கள். நாளைக்கும் எதிரே வருவார்கள், கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்காருவார்கள். ‘எல்லோர்க்கும் அன்புடன்’ என்று அவருடைய கடிதங்களே ஒரு புத்தகமாக வந்திருக்கின்றன. கடிதம் எழுதுகிறவர் பதிலை எதிர்பார்க்கிறவர், அதாவது தொடர்ந்து உறவில் இருக்கப் போகிறவர். நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது மெல்லிய வாக்கியத்தை மட்டும். அந்தத் தெருவை விட்டுவிட்டோம்.

*

அசோகமித்திரன் 1950களிலும் 60களிலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். ‘புலிக் கலைஞன்’ ஒரு சினிமா ஸ்டுடியோவின் கதை இலாகாவில் நடக்கிறது. படம் எடுக்காமல் ஸ்டுடியோ சும்மா இருக்கிற காலம். இலாகாவில் இருப்பவர்களுக்கும் செய்ய ஒன்றும் இல்லை. அப்போது காதர் என்று ஒருவன் வேலை கேட்டு வருகிறான். ‘டைகர் ஃபைட்’ அவன் வாயில் ‘டகர் பாயிட்’ ஆகி, பேரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. டகர் பாயிட் காதர். புலி வேஷம் கட்டுகிறவன். இப்போது ஒன்றும் இல்லை என்று இலாகாப் பெரியவர் சர்மா சொல்லிப் பார்க்கிறார். காதர் கொண்டுவந்திருந்த புலி முகத்தை மாட்டிக்கொள்கிறான். அதற்குப் பிறகு அந்த அறையில் ஒரு புலி இருக்கிறது. மேஜை நாற்காலிகளுக்கு நடுவே, உத்தியோகஸ்தர்கள் உறைந்துபோய் நிற்க, அது பாய்கிறது. முகத்தைக் கழற்றியதும் மறுபடி காதர், வேலை கேட்டு அழுகிற மனிதன். சாப்பிட ஏதோ கொடுத்து அனுப்பி வைக்கிறார்கள். பிறகு ஒரு நாள் படத்தில் புலி வேஷத்துக்கு இடம் வருகிறது. காதருக்குக் கடிதம் போடுகிறார்கள். கடிதம் திரும்பி வருகிறது. தேடியும் அவன் கிடைப்பதில்லை.

இதைக் கலைஞனின் வறுமையைப் பற்றிய கதை என்று சொல்வது தப்பில்லை, ஆனால் பாதிதான். மீதியை மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்கவேண்டும். கதையைச் சொல்வது காதர் இல்லை, இலாகாவில் இருக்கிற ஒருவர். சம்பளம் வருகிற, வேலை இல்லாத ஒருவர். அவருக்குப் பொழுது இருக்கிறது. ‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ள ஆட்கள் அந்த அறையில் இருப்பவர்கள்தான். காதர் தன் கலையையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டுவது, அவர்களுடைய ஒரு வெறும் மத்தியானத்தில். யாரும் ஆடிக் காட்டச் சொல்லவில்லை. ‘இல்லை’ என்ற பதிலை ‘பார்க்கலாம்’ என்று மாற்றுவதற்கு அவன் கட்டிய விலை அது. அவர்களுக்கு அது காசு கொடுக்காமல் பார்த்த, வாழ்நாளில் மறக்க முடியாத ஆட்டம்.

இரண்டாவது, அந்தக் குரல். அசோகமித்திரனின் கதைசொல்லி தன் நெகிழ்ச்சியை நமக்கு விற்பதில்லை. ஸ்டுடியோவின் நடைமுறைகளை எந்தத் தொனியில் சொல்கிறாரோ அதே தொனியில் புலியையும் சொல்கிறார். அதனால்தான் புலி நம் மேல் பாய்கிறது. என் ஒன்பது வரியை எண்ணிப் பார்த்தேன். கூடையைப் பற்றி இரண்டு வரி. ஊர், வெயில், ரயில் என்று நான்கு. மீதி மூன்றும் எனக்கு என்ன தோன்றியது என்பதைப் பற்றி. அந்த முடிச்சை எப்படிப் போடுவது, ஒரு கூடைக்கு எத்தனை கட்டு வயர் ஆகும், எத்தனை நாள் பிடிக்கும், எதுவும் அதில் இல்லை. எனக்குத் தெரியாது என்பதுதான் காரணம்.

மூன்றாவதுதான் கதையின் கொடூரமான இடம். சர்மா கெட்டவர் இல்லை. உதவ நினைக்கிறார், மறக்கவும் இல்லை. மறந்திருந்தால் இது சுலபமான கதை, அவரைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். நல்ல மனசு இருந்தும், ஞாபகம் இருந்தும், ஒரு கலைஞன் கைநழுவிப் போகிறான். அவனுக்கும் அந்த மேஜைக்கும் நடுவே இருந்த ஒரே பாலம் ஒரு விலாசம். விலாசம் அப்படியே இருக்கும் என்று நினைப்பது மாதச் சம்பளம் வாங்குகிறவரின் நம்பிக்கை. இரக்கம் வந்து சேருவதற்குள் இரக்கப்பட வேண்டியவர் வீடு மாறிவிடுகிறார்.

*

இந்த இடத்தில் ஒரு சினிமாவைச் சொல்லியாக வேண்டும். என் போஸ்ட்டுக்கு மாதிரி அதுதான். விம் வெண்டர்ஸ் எடுத்து 2023இல் வந்த ‘பெர்ஃபெக்ட் டேஸ்’. டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்கிற ஹிராயாமா, மதிய உணவு நேரத்தில் மர இலைகளின் நடுவே வரும் வெளிச்சத்தை ஃபிலிம் கேமராவில் எடுக்கிறார். பிரிண்டுகளைத் தகரப் பெட்டிகளில் அடுக்கி வைக்கிறார், சரியில்லாததைக் கிழித்துப் போடுகிறார். ஒரு கழிப்பறையின் இடுக்கில் யாரோ செருகி வைத்த காகிதத்தில், முகம் தெரியாத அந்த ஆளோடு நாளுக்கு ஒரு கட்டமாக விளையாடுகிறார். ஒரு சின்னச் சந்திப்பை இவ்வளவு மரியாதையோடு வேறு படத்தில் நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்தப் படம் காட்டுகிற இரண்டு விஷயங்களை நம்மில் பலர் பார்க்காமல் தாண்டிவிடுகிறோம். ஒன்று, ஹிராயாமாவின் வீட்டுக்கு அவர் தங்கை டிரைவர் ஓட்டும் காரில் வருகிறாள். அவர் வசதியை விட்டு வந்தவர், இந்த வாழ்க்கை அவர் தேர்ந்தெடுத்தது என்று அங்கே தெரிகிறது. இன்னொன்று கடைசிக் காட்சி. வேன் ஓட்டிக்கொண்டு போகும்போது, அதுவரை அமைதியே உருவாக இருந்த அந்த முகம் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவே தத்தளிக்கிறது, கேமரா நகராமல் அதையே பார்க்கிறது. படம் பொய் சொல்லவில்லை. நான்தான் இலை வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். என் படத்தில் திண்ணை இருந்தது, கூடை இருந்தது, கால் விரல் இருந்தது. அம்மாவின் முகம் இல்லை.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “எல்லாத்தையும் ஏன் காசாக்கணும்? ஒரு மனுஷிக்குப் பிடிச்ச ஒரே விஷயத்துக்கும் விலை ஒட்டினா அதுவும் வேலையாயிடாதா?” என்றார். சரியான கேள்வி. அலட்சியமாகத் தள்ள முடியாது. அதற்கு அம்மாவைத்தான் கேட்கவேண்டும்.

*

அம்மா பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். அங்கே ஏரியில் மீன் பிடிக்க ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. நல்ல இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்றைக்கு உனக்கு இல்லாவிட்டால் நாளைக்கு உண்டு. யாருடைய மனசும் இரங்க வேண்டியதில்லை. காதரைப் படிக்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. அவனுக்கு இல்லாமல் போனது இப்படி ஒரு முறை. ஆனால் பாட்டையும் ரொம்பக் கொண்டாட முடியாது. அது தலைக்கட்டுக் கணக்கு, ஆண்களுக்கு. பெண்களுக்குப் பாடு இல்லை. அதே ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கிற இருளர்களுக்கும் இல்லை.

பாடு இல்லாத பெண்களின் கை சும்மா இருந்ததில்லை. பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்கள் பனை ஓலைக்குச் சாயம் ஏற்றிப் பெட்டியும் கூடையும் பின்னுவார்கள். அம்மா சின்ன வயசில் ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பழகியவள். கல்யாணமாகி அனுப்பம்பட்டு வந்தபோது ஓலையும் இல்லை, அந்த வாசலும் இல்லை. பொன்னேரிக் கடையில் வயர் கிடைத்தது. நெல்லிக்காய் முடிச்சு முதலில் வந்தது, சிவன் கண் பிறகு. இருபது வருஷத்தில் எத்தனையோ கூடைகள் போயிருக்கின்றன. வளைகாப்புக்கு வந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், அப்பாவின் ஆபீஸ்காரர்கள், எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள்: “சும்மா இருக்கும்போது பின்றதுதானே, எனக்கும் ஒண்ணு போடுங்க.”

“நீ விலை சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன்.

உள்ளே போய்ப் பழைய பால் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து வந்தாள். கடைசிப் பக்கங்களில் அவள் கையெழுத்து. சின்னக் கூடைக்கு இத்தனை கட்டு வயர், பெரியதற்கு இத்தனை, வயர் விலை, எத்தனை நாள், அதற்கு எதிரே கூலி. வயர் விலை ஏறினபோதெல்லாம் அடித்துத் திருத்தியிருந்தாள். ஆறு வருஷத்துக் கணக்கு.

“யாருகிட்டயும் காட்டலையா?”

“யாரு கேட்டா?”

‘தனக்காக மட்டுமே பின்னிக்கொண்டிருக்கும் பெண்’ என்று நானூறு பேருக்குச் சொன்னேனே, அவள் ஆறு வருஷமாக விலை எழுதி வைத்துக் காத்திருந்தவள். காதர் புலியாகப் பாய்ந்தாவது காட்டினான். என் வீட்டில் அதுவும் நடக்கவில்லை, ஒரே கூரையின் கீழே இருந்தும் விலாசம் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

பழைய போஸ்ட்டை எடுத்துவிட்டேன். அம்மா சொல்லச் சொல்ல வேறொன்று எழுதினேன்: அளவு, நிறம், எத்தனை நாளில் கிடைக்கும், விலை. பதினொரு லைக். மூன்று பேர் கேட்டார்கள். இரண்டு பேருக்குப் பின்னி அனுப்பினாள். மூன்றாவது ஆள் ஒரே அளவில், ஒரே நீலத்தில் பன்னிரண்டு கேட்டார். நல்ல காசு. நான் சரி என்று சொல்லிவிடப் பார்த்தேன், அம்மா தடுத்துவிட்டாள்.

“பன்னெண்டும் நீலமா? கண்ணு பூத்துடும். வேணாம்னு சொல்லு.”

நண்பரின் கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். எது விற்பதற்கு, எது ஆசைக்கு என்ற கோட்டை அவளே போடுகிறாள். அந்தக் கோட்டை அவளுக்காக நான் போட்டதுதான் என் ஒன்பது வரி செய்த தப்பு.

முதலில் படம் எடுத்த அந்தப் பச்சை மஞ்சள் கூடையையும் ஒருத்தர் கேட்டார். அம்மா தரவில்லை. இப்போது அதில் சின்ன வெங்காயம் இருக்கிறது.